எக்ஸ்ரே படம் கலையாகாதா?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டம் ஒன்றில் அன்பர் ஒருவர், "கலை உள்ளத்தைக் காட்டுவது, எக்ஸ்ரே எலும்பைக் காட்டுவது. முன்னது மனிதன் செய்வது, பின்னது எந்திரம் செய்வது" என்றார். அவையினர் கைதட்டினர். நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் அக்கூற்றின் பிழை எனக்கு உறைத்தது. அது வெறும் சொல்லழகோடு நிற்கும் பிழையாயின் மறுக்க முனைந்திரேன். அதனால் விளையும் தீங்கைக் கண்டவன், ஒருமுறை அத்தீங்கைச் செய்தவனும் ஆவேன். ஆதலின் எழுதுகிறேன்.

எந்திரம் செய்வது என்பதை முதலில் நோக்குவோம். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று இக்கதிரைக் கண்டறிந்தவர் ராண்ட்ஜன். மூடிய பெட்டிக்குள் வைத்த எடைக்கற்களையும் அவர் படமெடுத்தார். தம் மனைவியின் கையையும் படமெடுத்தார். அறிவியலுக்கு இரண்டும் சான்றுகளே. ஆயினும் உலகம் நெஞ்சில் இருத்திக்கொண்டது எதனை? எலும்பாய்த் தோன்றிய விரலில் மோதிரம் அணிந்திருந்த அந்தக் கையை அன்றோ? அடுத்த ஆண்டே, 1896இல், வியன்னாவில் ஏடர், வலெண்டா என்னும் இருவர் மீன், தவளை, பாம்பு முதலியவற்றின் எக்ஸ்ரே படங்களைப் பதினைந்து தகடுகளாக அச்சிட்டு வெளியிட்டனர். 1930களில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே மருத்துவரான டாஸ்கர் என்பார் லில்லி மலரையும் ரோஜாவையும் படமெடுத்தார். இதழுக்குள் இதழ் மறைந்திருக்கும் அந்தப் படங்களைக் கண்டவர் எவரும் அவற்றை எந்திரத்தின் வேலை என்று ஒதுக்கமாட்டார்.

மலரை விடுங்கள், நாள்தோறும் எடுக்கப்படும் மார்புப் படத்தையே கொள்வோம். தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாய் விழும். திரையை விட்டு விலக்கினால் நிழல் பெருத்து, விளிம்பு மங்கும். எக்ஸ்ரே எடுப்பவரும் இதனையே செய்கிறார். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால், நோயாளியின் மார்பை ஃபிலிமோடு ஒட்டி நிறுத்தி, கதிரை முதுகின் பக்கமிருந்து செலுத்துகிறார். அப்போதுதான் இதயத்தின் நிழல் பொய்யாகப் பெருக்காது. தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காதிருக்கத் தோள்களை முன்தள்ளச் சொல்கிறார். மூச்சை நிறைய இழுத்து அடக்கச் சொல்கிறார். எலும்பு கதிரை மிகுதியாகத் தடுக்கும். காற்று நிறைந்த நுரையீரல் எளிதில் விடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாயல்கள் யாவும் தெரியுமாறு கதிரின் வலிமையையும் நேரத்தையும் அளந்து வைக்கிறார். பாவையைப் பிடித்த கை கலைஞனின் கை என்றால் இதுவும் கலைஞனின் கைதான். கேமராப் படத்தை நாம் நிழற்படம் என்கிறோம். உண்மையில் அச்சொல் முற்றும் பொருந்துவது எக்ஸ்ரே படத்திற்கே.

கலை உள்ளத்தைக் காட்டுவது என்றார் அன்பர். தாமஸ் மான் 1924இல் வெளியிட்ட 'மாய மலை' நாவலின் தலைமகன் காசநோய் இல்லத்தில் தங்கியிருப்பவன். காதலியின் நினைவாக அவன் போற்றி வைத்திருப்பது அவளுடைய மார்பின் எக்ஸ்ரே படம். முகம் தெரியாத அப்படத்தில் அவன் கண்டது எலும்பை மட்டுமோ? வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலப்பகுதித் தொல்குடியினர், ராண்ட்ஜன் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, மீனின் முதுகெலும்பும் உள்ளுறுப்பும் வெளியே தெரியப் பாறைகளில் வரைந்தனர். உள்ளே இருப்பதைக் காணும் வேட்கை எந்திரத்திற்கு மூத்தது.

"அழகு பார்த்து நோயாளியை வாட்டலாமா?" என்று கேட்பாருளர். நேர்மையான கேள்வி. எடிசனிடம் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி இக்கதிரால் புண்பட்டு 1904இல் மாண்டார். இவ்வாறு மாண்டோர்க்கு 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுக்கல் நாட்டினர். எனவே விளையாட்டுக்காக மனித உடலில் ஒரு துளிக் கதிரும் பாயக் கூடாது. நான் கேட்பது புதிய படம் அன்று; எடுத்த படத்தை மதித்துக் காணும் கண்.

அக்கண் எனக்கு இல்லாதிருந்த கதையைச் சொல்கிறேன். 2006இல் நான் மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பிரிவில் இளநிலை எழுத்தன். கடைநிலை ஊழியர் ஒருவர் தம் தாயாரின் மார்புப் படத்தைப் பில்லோடு இணைத்திருந்தார். பதினான்குக்குப் பதினேழு அங்குல ஃபிலிம்; கோப்பில் அடங்கவில்லை. இணைப்பு எதுவாயினும் துளையிட்டு டேக் கட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஃபிலிமை இரண்டாக மடித்தேன், துளையிட்டேன், கட்டினேன். எனக்கு அது 'இணைப்பு 4'.

ஈராண்டு கழித்து அவர் வந்தார். தாயாரின் புதிய படத்தில் ஒரு புள்ளி தெரிகிறதாம். பழைய படத்திலும் அது இருந்தால் ஆறிய வடு; இல்லையேல் அஞ்சத்தக்கது. பழைய படத்தைக் கொண்டுவாருங்கள் என்றாராம் மருத்துவர். கோப்பைத் தேடி எடுத்தோம். என் மடிப்பு நுரையீரலின் குறுக்கே வெள்ளைக் கோடாய் உரிந்து கிடந்தது. பார்க்க வேண்டிய இடம் அக்கோட்டின்மேல் விழுந்திருந்தது. மேலும் பல சோதனைகளுக்குப் பின்னரே அது பழைய வடு எனத் தெளிந்தது. அதற்குள் அக்குடும்பம் மூன்று வாரம் உறங்கவில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஓர் ஓவியத்தை நான் மடித்திருப்பேனா? குழந்தையின் புகைப்படத்தில் துளையிட்டிருப்பேனா? எக்ஸ்ரே என்பது எந்திரம் துப்பிய தாள் என்று கற்றிருந்தேன், அதனால் செய்தேன். அன்பரின் கைதட்டல் பெற்ற வாக்கியம் இவ்வாறுதான் அலுவலகங்களில் துளைக்கருவியாகிறது. இன்று ஃபிலிம் அருகி, படம் கணினிக்குள் சென்றுவிட்டது. அறிக்கையை மட்டும் படித்துவிட்டுப் படத்தைத் திறவாமலே விடுவோர் நம்மில் எத்தனை பேர்!

அன்பர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டில் எக்ஸ்ரே எடுத்தால் அப்படத்தைக் காட்டுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். எது இதயம், எது விலா என்று கேட்டறியுங்கள். எடுத்தவரின் பெயரைக் கேட்டு நன்றி கூறுங்கள். மடிக்காமல், அழிக்காமல் காத்து வையுங்கள். கலை என்னும் பெயரை அதற்குத் தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கலைக்குக் காட்டும் கவனத்தை அதற்கு மறுக்கும் உரிமை நமக்கு இல்லை.