எழுபத்தைந்து வயதுக்காரனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பேரனுக்குச் சலித்துப்போன செல்போன் தாத்தாவுக்கு வரும். மகன் புது லேப்டாப் வாங்கினால் பழையது அப்பாவின் மேசைக்கு வரும். தீபாவளிக்கு வேட்டி புதிதாக எடுத்துத் தருகிறார்கள், கண்ணாடிக்குப் புது பிரேம் போட்டுத் தருகிறார்கள். கம்ப்யூட்டர் மட்டும் எப்போதும் பழசுதான். "உங்களுக்கு இது போதும்ப்பா" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்லவில்லை. அதன் பின்னால் இருக்கும் கணக்குதான் தப்பு என்கிறேன். வயதானவனுக்குத்தான் நல்ல மெஷின் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்: ஃபிளைட் சிமுலேட்டர்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள் அது. சுடுவது, வெடிப்பது, பாயிண்ட் சேர்ப்பது எதுவும் கிடையாது. எரிபொருள் கணக்குப் பார்த்து, காற்று எந்தத் திசை என்று கவனித்து, மேலே ஏறி, வழி தவறாமல் போய், இறங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த "இறங்க வேண்டும்" என்பதில்தான் மாதக்கணக்கில் பொழுது போகிறது.

எனக்கு இந்தப் பித்து ஏறியதற்குக் காரணம் புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். எங்கள் வாத்தியார் (முசியே என்றுதான் கூப்பிடுவோம்) 'திக்தே' என்று சொல்வதெழுதுதல் போடும்போது தபால் விமானிகளின் கதைகளாகவே எடுப்பார். மெர்மோஸ் 1930 மே மாதம் செனெகல் நாட்டு சேன் லூயியில் கிளம்பி, இரண்டு தோழர்களுடன் சுமார் 21 மணி நேரம் கடல்மேலேயே பறந்து பிரேசிலின் நத்தாலில் இறங்கியதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. எழுத்துப் பிழைக்கு மார்க் குறைத்தார், ஆனால் கதையை விட்டுவிட்டுத்தான் போனார். பிறகு நான் அரசாங்கத்தில் கிளார்க் ஆனேன். விடுமுறைப் பயணச் சலுகையில் என் கிரேடுக்கு ரயில்தான். விமானம் மேலதிகாரிகளுக்கு. அவர்களுடைய விமான டிக்கெட் பில்களைச் சரிபார்த்து பாஸ் செய்தது அடியேன்தான்.

ஓய்வுக்குப் பிறகு அந்தத் தபால் வழியை நானே பறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். 1918 கிறிஸ்துமஸ் அன்று லாத்தெகொயேர் என்ற தொழிலதிபர், துலூஸிலிருந்து பார்சிலோனாவுக்கு விமானத்தில் போய்க் காட்டினார். பிற்பாடு அந்த வழி அலிகாந்தே, மாலகா, தாஞ்சியர், காசாபிளாங்கா என்று நீண்டு, 1925-இல் தக்கார் வரை போயிற்று. நான் ஓட்டுவது நாலு பேர் உட்காரும் செஸ்னா 172. துலூஸிலிருந்து பிரெனே மலையைச் சுற்றி, பெர்ப்பிஞ்ஞான் பக்கமாகக் கடலோரம் இறங்கும்போது வலது பக்கம் கனிகூ மலை பனியோடு நிற்கும். பூகோள வகுப்பில் வரைந்த மலை! இப்போதைய சிமுலேட்டரைச் செய்தவர்கள் போர்தோ நகரத்து அசோபோ கம்பெனிக்காரர்கள். அதனாலோ என்னவோ மெனுவைப் பிரெஞ்சில் வைத்துக்கொண்டால் எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது. காற்றுக்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல் கிட்டத்தட்ட நம் 'வான்' போலவே ஒலிக்கும். அது ஒரு தனி சந்தோஷம்.

மகன் கொடுத்த லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம். 2020-இல் வந்த சிமுலேட்டருக்குக் குறைந்தபட்சத் தேவை என்று அவர்கள் போட்டிருந்ததே 8 ஜி.பி.தான். வண்டி நகரும் என்பதற்கு மேல் அதில் உத்தரவாதம் ஒன்றுமில்லை. மேலே வானத்தில் ஒன்றும் தெரியாது. ஊர் நெருங்க நெருங்கத் திரை தடுமாறும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பது பலருக்குத் தெரியும். சிமுலேட்டரும் அப்படித்தான் படம் படமாக வரைகிறது. அதை ஃப்ரேம் என்கிறார்கள். என் லேப்டாப்பில் விமான நிலையம் பக்கத்தில் வந்ததும் அது 12, 13 என்று விழும். நடுவில் அரை நொடி அப்படியே உறைந்தும் போகும்.

அரை நொடிதானே என்பீர்கள். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். செஸ்னா இறங்கும்போது வேகம் சுமார் 65 நாட். அதாவது ஒரு நொடிக்கு 33 மீட்டர். அரை நொடியில் 16, 17 மீட்டர் முன்னே போய்விடுகிறது. கீழே இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 500 அடி என்றால் அரை நொடியில் ஒன்றேகால் மீட்டர் இறங்கியிருக்கும். தரைக்கு மேல் நாலைந்து மீட்டர் இருக்கும்போது மூக்கை மெல்லத் தூக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த உயரத்தில் நாலில் ஒரு பங்கைத் திரை நமக்குக் காட்டாமல் விழுங்கிவிட்டால் எந்தக் கை சரியாக இறக்கும்?

இருபது வயதுப் பையன் சமாளிப்பான். கண் வேகம், கை வேகம், விட்டுப்போன படத்தை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். எனக்கு இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்தாயிற்று. கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைவதற்குள் ஒரு சின்ன தாமதம் என்னிடமே இருக்கிறது. அதோடு மெஷினின் தாமதமும் சேர்ந்தால்? தடுமாறும் படத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் தலை சுற்றல் வேறு. ஆக, வேகமான மெஷின் யாருக்கு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் விமானம் உடைவது பெரிய விஷயமில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் முழுசாகிவிடும். மனசு உடைவதுதான் விஷயம். மாலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு உட்காரும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற சர்வேயர். அவரும் இதே ஆசையில் மருமகன் கொடுத்த பழைய மெஷினில் ஆறு மாதம் பழகினார். ஒவ்வொரு தடவையும் தரையில் முட்டினார். "சார், கை போச்சு சார். நமக்கெல்லாம் வயசாயிடுச்சு" என்று ஜாய்ஸ்டிக்கைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். நாற்பது வருடம் தியோடலைட் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிய கை அது. என் புது மெஷின் வந்த பிறகு அழைத்துவந்து உட்கார வைத்தேன். மூன்றாவது தடவையில் இறக்கினார். இலாசுப்பேட்டை விமான நிலையம், சுமார் 1,500 மீட்டர்தான் ஓடுபாதை, அதிலும் பாதியில் நிறுத்திவிட்டார். ஒன்றும் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "இன்னொரு வாட்டி" என்றார்.

மெஷின் சரியில்லாததற்குத் தன் வயதைக் குற்றம் சொல்லிக்கொண்டு எத்தனை பெரியவர்கள் எத்தனை காரியங்களை இப்படிப் பரணில் போட்டிருப்பார்கள்? செல்போன் உறைந்துபோனால் "எனக்கு இதெல்லாம் வராது" என்கிறார்கள். பேரன் அதே போனை வீசிவிட்டுப் புதிது வாங்கினானே, அவனுக்கும் வரவில்லை என்பதால்தானே!

சரி, எந்த மெஷின்? பவர் என்றால் என்ன என்று புரியாமல் பணத்தைப் போடக்கூடாது. எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு செக்‌ஷனைக் கற்பனை செய்யுங்கள். சூப்பிரண்டெண்ட் ஒருவர். அவர்தான் பிராசஸர். விமானம் எப்படிப் பறக்கிறது, காற்று, மற்ற விமானங்கள் எல்லாக் கோப்பும் அவர் கை வழியாகப் போக வேண்டும். டைப்பிஸ்ட்டுகள்தான் கிராபிக்ஸ் கார்டு, சொன்னதைப் படமாக அடித்துத் தருகிறவர்கள். மேசையின் பரப்பு ராம். பின்னால் இருக்கும் பீரோ எஸ்.எஸ்.டி. பத்து டைப்பிஸ்ட்டுகளைப் புதிதாகப் போட்டாலும் சூப்பிரண்டெண்ட் ஒருவரே கையெழுத்துப் போடுகிறவர் என்றால் கோப்பு தேங்கத்தான் செய்யும். பெரிய நகரம், பெரிய விமான நிலையம் பக்கத்தில் நடப்பது அதுதான். பிராசஸரில் பல கோர் இருந்தாலும் சிமுலேட்டரின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரு கோர் மேலேயே விழுகிறது. அதனால் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் ஒரு கோரின் வேகத்தைப் பார்க்க வேண்டும். நான் எடுத்தது ஏ.எம்.டி. ரைசன் 7 7800எக்ஸ்3டி. அதில் 96 எம்.பி. கேச் இருக்கிறது. சூப்பிரண்டெண்டின் சொந்த டிராயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வேண்டிய காகிதத்துக்கு எழுந்து போக வேண்டாம். சிமுலேட்டருக்கு இந்த டிராயர் மிகவும் ஒத்துப்போகிறது.

2024 நவம்பரில் வந்த புதிய பதிப்புக்கு ராம் குறைந்தபட்சம் 16, பரிந்துரை 32, உத்தமம் 64 ஜி.பி. என்று போட்டார்கள். நான் 32-ல் நின்றுவிட்டேன். மானிட்டரில்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். சாதாரண முழு எச்.டி. திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் 83 லட்சம், நான்கு மடங்கு. அத்தனையையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அடித்துத் தர டைப்பிஸ்ட்டுக்கு எவ்வளவு சம்பளம் தர வேண்டும்! நடுவில் 37 லட்சம் புள்ளிகள் உள்ள 27 அங்குலத் திரை ஒன்று இருக்கிறது. என் கண்ணுக்கு அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது. தெரியாததற்குக் காசு கொடுப்பானேன்?

வாங்கும்போது அலுவலக வழக்கப்படி மூன்று கொட்டேஷன், ஒரு ஒப்பீட்டுப் பட்டியல். குறைந்த விலைக்காரருக்குத்தான் ஆர்டர் என்று பலர் நினைக்கிறார்கள். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களில் குறைந்தவர் என்பதே விதி. பிரெஞ்சில் 'வோல்' என்ற ஒரே சொல்லுக்குப் பறத்தல் என்றும் பொருள், திருட்டு என்றும் பொருள். ஒரு கடைக்காரர் தந்த கொட்டேஷன் இரண்டாவது பொருளில் இருந்தது. ஏழு வண்ணத்தில் மினுங்கும் விளக்குகளுக்கே தனியாக ஒரு தொகை! இன்னொரு கடையில் ஒரு பையன், "பேரனுக்கா அங்கிள்?" என்றான். "எனக்குத்தான் தம்பி" என்றதும் எழுந்து நாற்காலி போட்டான். அங்கேதான் வாங்கினேன். மானிட்டரோடு சேர்த்து 1,62,000 ரூபாய்.

மகன் போனில், "அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு பவர்? மெயில் பார்க்கிறீங்க, ரெண்டு வீடியோ பார்க்கிறீங்க" என்றான். "இந்தப் பணத்துக்கு காசி போய்ட்டு வந்திருக்கலாமே" என்றார் ஒரு உறவினர். நான் சொல்தா கிடையாது. பிரெஞ்சுப் பென்ஷன் யூரோவில் வருவதில்லை. ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் எனக்குப் பெரிய தொகைதான். அதனால்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கென்று போட்ட எஃப்.டி.யையும், வீட்டுக்காரியின் பெயரில் இருப்பதையும் ஒரு பைசா தொடாமல், இரண்டரை வருடம் மாதாமாதம் எடுத்துவைத்து வாங்கினேன். பிள்ளைகளிடம் கேட்கவில்லை, கடன் இல்லை, தவணை இல்லை. இதற்குமேல் நியாயம் சொல்ல நான் கடமைப்பட்டவன் அல்ல என்பது என் கருத்து. வீட்டுக்காரியின் கருத்து வேறு மாதிரி: "வெளியே போய் விழுந்து இடுப்பை உடைச்சுக்காம வீட்டுக்குள்ளேயே பறக்கிறீங்களே, அதுவே போதும்."

எல்லோரும் இதையே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஃபிளைட்கியர் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. காட்சி அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் எளிய மெஷினிலும் ஓரளவு சீராக ஓடும். அழகைக் குறைத்தாலும் சீரைக் குறைக்காதீர்கள். மரம், நிழல், மேகம் எல்லாவற்றையும் செட்டிங்கில் இறக்கிவிட்டு 30 ஃப்ரேம் நிலையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பணம் மிச்சம். லேப்டாப்பில் ராமை மட்டும் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாற்ற முடியாது. மேசையைப் பெரிதாக்கிவிட்டு அதே டைப்பிஸ்ட்டை வைத்துக்கொண்டிருப்பதுபோல்.

வாங்குகிறவர்கள் யு.பி.எஸ்.ஸையும் கணக்கில் சேருங்கள். வீட்டில் இருந்த பழைய 600 வி.ஏ. பெட்டி இதற்குத் தாங்காது. 1,100 வி.ஏ. போட்டேன். புதிய பதிப்பு நிலக்காட்சியை இன்டர்நெட் வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே நல்ல ஃபைபர் இணைப்பும் வேண்டும். மெஷின் அடுப்பு மாதிரி அனல் கக்கும். அக்னி நட்சத்திரத்தில் நான் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் பறக்கிறேன். புதுச்சேரிக் கடல் காற்றுக்கு மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தாக வேண்டும்.

இப்போது அகாதிரில் நிற்கிறேன். அடுத்தது காப் ஜூபி. சேந்த் எக்சுபெரி பாலைவனத்துக்கும் கடலுக்கும் நடுவே நிலைய அதிகாரியாக இருந்த இடம். செஸ்னாவில் இரண்டு மணி நேரம். அங்கே உண்மையில் வீசும் காற்றையே சிமுலேட்டரும் காட்டுகிறது. இன்று காலை ஓடுபாதைக்குக் குறுக்காக 20 நாட். சர்வேயர் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்.