பதிவேட்டில் தொழிலாளி இருக்கிறார்; முதலாளி எங்கே?

காலை ஆறரை மணிக்கு நம் நகரங்களில் எதிலாவது ஒரு நாற்சந்தியில் போய் நின்று பாருங்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், பெயிண்டர் எல்லோரும் சோற்றுத் தூக்கோடு வரிசையாக நிற்கிறார்கள். மேஸ்திரி வருகிறார்; நாலு பேரைக் கைகாட்டி அழைக்கிறார்; மற்றவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். ஒன்பது மணி தாண்டினால் அன்றைய பிழைப்புப் போயிற்று. அறுவடை முடிந்து ஊரில் வேலையற்றுப் போன விவசாயத் தொழிலாளியும் அங்கே நிற்கிறார். மூடப்பட்ட மில்லிலிருந்து வெளியே வந்தவரும் நிற்கிறார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த வாலிபர்களும் நிற்கிறார்கள். ஆகவே கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் கதை நம் எல்லோருடைய கதையுமாகும்.

இந்த வாரியம் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. தொழிலாளர்கள் ஊர்வலம் போய், மனுக் கொடுத்து, மறியல் செய்து பெற்றது. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் நிறைவேறியது. அது வெறும் காகிதமாகப் பல ஆண்டுகள் கிடந்த பிறகு, 1994-ல்தான் கட்டடத் தொழிலாளர்களுக்கு வாரியம் அமைந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும், கல்யாணத்துக்கும், பிரசவத்துக்கும் உதவி. விபத்துக்கும் மரணத்துக்கும் நிவாரணம். 60 வயதுக்குப் பின் பென்ஷன் என்று அது பல உதவிகளைத் தருகிறது. இவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. சாரத்திலிருந்து விழுந்து புருஷன் இறந்தால், பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை.

ஆனால் இது தர்மப் பணம் என்று எவரும் எண்ண வேண்டாம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நல வரியாக வசூலித்து இந்த நிதி சேர்கிறது. 1996-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒரு சதவீதத்துக்குக் குறையாமலும் இரண்டு சதவீதத்துக்கு மேற்படாமலும் வசூலிக்கச் சொன்னது. அந்தக் கட்டடத்தை எழுப்பியது யாருடைய கை? அந்த ஒரு ரூபாயும் தொழிலாளியின் உழைப்பிலிருந்து வந்ததுதான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1982-ம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரைப் படியுங்கள். 'வேலையை ஒழுங்குபடுத்துதல்', 'வேலை நிலைமைகள்' என்ற சொற்கள் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. உதவித்தொகை கொடுப்பது பாதி வேலை. வேலையை ஒழுங்குபடுத்துவது மறுபாதி. அந்த மறுபாதி எங்கே? வாரியம் தொழிலாளியைப் பதிவு செய்கிறது. போட்டோ கேட்கிறது, ஆதார் கேட்கிறது, பதிவைப் புதுப்பிக்கச் சொல்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளிக்கு இன்று வேலை கொடுத்தவர் யார், என்ன கூலி கொடுத்தார், எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இல்லை.

மில் தொழிலாளிக்கு இது விளங்கும். இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. பிராவிடண்ட் பண்டுச் சட்டம் 1952-ல் வந்தது. அங்கே முதலாளியின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. மாதாமாதம் தன் பங்கை அவர் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் கேட்க ஆள் உண்டு. கட்டடத் தொழிலாளியோ தான் வேலை செய்ததை நிரூபிப்பதற்கே சங்கத்தையும் கிராம நிர்வாக அதிகாரியையும் தேடி அலைகிறார்.

"கட்டட வேலை நிலையில்லாதது, இன்று ஓரிடம், நாளை வேறிடம், முதலாளியை எப்படிப் பதிவது?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் மட்டும் கப்பல்கள் நிலையாகவா நின்றன? அங்கேயும் ஒரு காலத்தில் கூட்டத்தில் ஆள் பொறுக்கும் முறைதான் நடந்தது. 1948-ம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தொழிலாளர், முதலாளி, சர்க்கார் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்த வாரியங்கள் அமைந்தன. பதிவு பெற்றவர்களுக்கு முறை வைத்து வேலை கிடைத்தது. வந்து நின்றும் வேலை இல்லாத நாளுக்கு ஆஜர்படி கிடைத்தது.

பம்பாயைப் பாருங்கள். மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் போராடி 1969-ல் ஒரு சட்டம் பெற்றார்கள். அந்தச் சட்டப்படி வியாபாரியும் பதிவு செய்ய வேண்டும், தொழிலாளியும் பதிவு செய்ய வேண்டும். கூலியையும் அதற்கு மேல் லெவியையும் வியாபாரி வாரியத்தில் கட்டுகிறார். வாரியமே தொழிலாளிக்குப் பட்டுவாடா செய்கிறது. பிராவிடண்ட் பண்டு, போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் அந்த லெவியிலிருந்து வருகின்றன. அங்கும் குறைகள் உண்டு. பதிவுக்கு வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள். வாரியத்தின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்களும் முளைத்தன. ஆனாலும் தினக்கூலிக்காரருக்கும் முதலாளியை ஏட்டில் ஏற்ற முடியும் என்பதை அந்தச் சட்டம் காட்டிவிட்டது.

நம்மூரில் இது இன்னும் சுலபம். வீட்டுக்கோ மாளிகைக்கோ பிளான் அனுமதி கேட்கும்போதே சொந்தக்காரரின் பெயர், இடம், செலவு எல்லாம் சர்க்கார் கையில் வந்துவிடுகின்றன. வரி வசூலிக்க அந்தப் பெயர் உதவுகிறது. கூலிக்கும் விபத்துக்கும் பதில் சொல்ல வைக்க மட்டும் அது ஏன் உதவவில்லை?

வசூலான பணத்தின் கதியும் தெரிந்ததே. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, தொழிலாளர்களுக்குச் செலவானது சுமார் 9,500 கோடிதான் என்பதை 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்பில் எடுத்துச் சொல்லிக் கண்டித்தது. இந்த நிலையில், 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்காரின் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. வேலை முடிந்த பின் கட்டடச் செலவை முதலாளி தாமே மதிப்பிட்டு வரியைக் கட்ட அது வழி செய்கிறது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கிற கதைதான் இது.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

கடைக்கால் தோண்டும் அன்றே வேலை கொடுப்பவரும் காண்டிராக்டரும் வாரியத்தில் பதிவாக வேண்டும். ஆஜர்ப் பட்டியலும் கூலியும் அந்த ஏட்டில் ஏற வேண்டும். மழைக்கால வேலையற்ற நாட்களுக்குப் படி வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளிக்கும் அதே பதிவு, அதே உரிமை வேண்டும். நிதியின் வரவு செலவைத் தொழிலாளர் பிரதிநிதிகள் முன் வைக்க வேண்டும்.

தோழர்களே! அடையாள அட்டை இல்லாதவர்களை முதலில் பதிவு செய்ய வையுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் தொழிலாளர் சங்கமும் கட்டடத் தொழிலாளியின் கோரிக்கையைத் தம் கூட்டங்களில் தீர்மானமாக்கட்டும். நாற்சந்தியில் நிற்பவர் நம் அண்ணன், நம் தங்கை. அவர்களுக்கு வேலை கொடுப்பவரின் பெயரும் வாரியத்தின் ஏட்டில் ஏறும் வரை நாம் ஓய முடியாது.