காலையில் மட்டும் வரும் வயிற்று வலி

தாய்மார்களே, தோட்டத்து மருந்தகத்தில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு வலி உண்டு. படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பெண் பிள்ளைக்குக் காலையில் வயிற்று வலி. சோதித்தால் காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. சனி, ஞாயிறில் வலியும் இல்லை! மெல்லக் கேட்டால்தான் விஷயம் வரும். பஸ் நிற்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் பையன்கள் விசில் அடிக்கிறார்கள், வழி மறிக்கிறார்கள், அசிங்கமாகப் பேசுகிறார்கள். பயத்தில் வயிறு பிசையும். அது நடிப்பு அல்ல.

“வீட்டுல ஏம்மா சொல்லலே?” என்று ஒரு பிள்ளையைக் கேட்டேன்.

“சொன்னா, நீ ஏன் சிரிச்சேன்னு அம்மா கேப்பாங்க ஐயா. அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திடுவாரு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. தப்பு செய்தவன் ரோட்டில் நிற்கிறான். படிப்பு போவது இவளுக்கா?

பிள்ளை வாய் திறந்தால் முழுதும் கேளுங்கள். “உன் மேல தப்பில்லை” என்று சொல்லுங்கள். தோழிகளோடு சேர்ந்து போகட்டும், மோட்டார் நம்பரைக் குறித்து வைக்கட்டும். அப்பாமார்களே, பாராங்கைத் தூக்க வேண்டாம், போலீசில் புகார் கொடுங்கள். பெண்ணின் மானத்தைக் கெடுக்கும் பேச்சுக்கும் சைகைக்கும் தண்டனைச் சட்டம் 509-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. தாலியான் காசே 15999-க்கும் போன் செய்யலாம்.

அந்த மோட்டார்களில் சில நம் தோட்டத்து மோட்டார்கள்தான். என் மகனைக் கூப்பிட்டு நான் கேட்டுவிட்டேன். நீங்களும் கேளுங்கள்.