சுவர் மறைக்கும் பிழை



செங்கல்லும் சிமெண்டும் கொண்டு சுவர் எழுப்பிப் பழகியவர்கள் நாம். அமெரிக்காவிலோ பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. அச்சட்டங்களின்மீது ஜிப்சம் பலகைகளைத் திருகாணியால் பொருத்தினால் அதுவே உட்சுவர். கூலி மிகுந்த அந்நாட்டில் இப்பணியைத் தம் கையாலேயே செய்துகொள்வோர் பலர். அங்கே வாழும் நம் உறவினர்க்கும் இது பயன்படும் என்பதால் இம்மாதம் அதனைக் காண்போம்.

இரு தாள்களுக்கிடையே ஜிப்சத்தை அடைத்ததே இப்பலகை. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர். தீ மூண்டால் அந்நீர் ஆவியாகித் தீரும்வரை சுவரின் மறுபுறம் வெப்பம் ஏறுவது தாமதமாகும். உறங்கும் குழந்தைகளை எழுப்பி வெளியேற அந்தச் சில நிமிடங்களே போதுமானவையாகலாம். சுவிட்ச் பெட்டிக்காக நாம் வெட்டும் துளை, அந்தக் காப்பில் நாமே இடும் திறப்பாகும். ஆகவேதான் பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளி 1/8 அங்குலத்தை, அதாவது அரைக்கால் அங்குலத்தை, மிஞ்சலாகாது என அந்நாட்டு மின்விதி கூறுகிறது.

மின்கம்பி வேலையை உள்ளூர் அதிகாரி பார்வையிட்டு ஒப்புதல் அளித்த பின்னரே சட்டத்தை மூட வேண்டும். பணி தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். டெஸ்டரை மின்சாரம் உள்ள ஓரிடத்தில் முதலில் சோதித்து, அது வேலை செய்வதை உறுதி செய்த பின், பெட்டியிலுள்ள கம்பிகளைச் சோதியுங்கள். பிறகு கம்பிகளை மடித்துப் பெட்டியின் அடிப்பகுதியில் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது அளவு. பக்கத்துப் பலகையின் விளிம்பிலிருந்து பெட்டியின் இடப்புறமும் வலப்புறமும், மேற்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து பெட்டியின் மேலும் கீழும் எவ்வளவு தூரம் என அளந்து, பலகையின் முன்முகத்தில் குறியுங்கள். பின்முகத்தில் குறித்தால் இடம் வலமாகிவிடும். பலர் தவறுவது இங்கேதான். கோட்டின் உட்புறமாகவே கைவாளால் அறுங்கள். துளை சிறிதானால் சீவிக்கொள்ளலாம். பெரிதானால் மீட்க இயலாது.

சுழலும் வெட்டுக்கருவியைப் பயன்படுத்துவோர், அதன் முனை பலகையின் தடிப்பைச் சற்றே கடக்குமாறு மட்டும் அமைக்க வேண்டும். மிஞ்சினால் கம்பி அறுபடும். பெட்டியருகே திருகாணியை முன்கூட்டியே முடுக்காதீர்கள். பெட்டி உள்ளிருந்து உந்துவதால் பலகை வெடித்துவிடும்.

அரை அங்குலப் பலகைக்கு ஒன்றேகால் அங்குலத் திருகாணி போதும். சுவரில் 16 அங்குலத்திற்கு ஒன்றாக முடுக்குங்கள். தலை தாளைக் கிழிக்காமல் சற்றே அமிழ வேண்டும். தாள் கிழிந்தால் பிடிப்பு இல்லை. ஈரம் ஏறாதிருக்கத் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்தியே பலகையைப் பொருத்துங்கள்.

துளை பெரிதாகிவிட்டதா? "மூடித்தகடு மறைத்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். இணைப்புப் பூச்சால் இடைவெளியை நிரப்பிக் காயவிட்ட பின்னரே தகட்டைப் பொருத்துங்கள். தகடு நம் கண்ணுக்கு மறைக்கும்; நெருப்புக்கு மறைக்காது.