நடைபாதையும் லயத்து இஸ்தோப்பும்

கண்டி மாநகருக்குத் தெற்கே, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தலைக்கு மேலே அரணாக நிற்கும் ஹந்தானை மலையில், 1925ஆம் ஆண்டு எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது என்பதும், அங்கிருந்து தொடங்கும் பீக்கோ ட்ரெயில் என்னும் நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம் வளைந்து சென்று, ஹட்டனையும் அப்புத்தளையையும் எல்லவையும் தொட்டு நுவரெலியாவில் முடிவுறுகிறது என்பதும் ஐரோப்பிய யாத்திரிகர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கின்றன. கண்டி பஸ் நிலையத்தில் நிற்கும் நம்மவரிடம் விசாரித்தால்தான் கையை விரிக்கிறார்கள்.

ஹந்தானைச் சரிவில் காலை வேளையில் நிற்பவருக்கு, ஊன்றுகோலும் முதுகுப் பையுமாக ஆணும் பெண்ணும் இணைந்து நடந்து போகும் வெளிநாட்டுத் தம்பதிகளைக் காணும் சந்தர்ப்பம் எளிதில் வாய்க்கும். நம் தம்பதிகள் கண்டிக்கு வராமலில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், கடல் கடந்து திருச்சியிலிருந்தும் வருகிறார்கள். தலதா மாளிகையைத் தரிசித்து, பேராதனைப் பூங்காவில் படம் பிடித்துக்கொண்டு, ரம்பொடை அனுமாரையும் சீதா எலியாவையும் வணங்கி, வேனின் கண்ணாடி வழியாகத் தேயிலை மலையின் சௌந்தரியத்தை வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிழையொன்றுமில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் மட்டும் அந்த வேகத்தில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

கலஹா வரையிலான முதற்கட்டத்தை என் மனைவியும் நானும் தம்பதி சமேதராய் நடந்து பார்த்தோம். அட்டைக்கு அஞ்சிக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு புறப்பட்ட எங்களுக்கு, சில இடங்களில் லொறி போகும் தோட்ட றோட்டாகவும், சில இடங்களில் தேயிலைச் செடிகளினூடே ஒற்றை ஆள் போகத்தக்க குறுக்காகவும் மாறி மாறி அமைந்திருந்த அந்தப் பாதை, உல்லாசத்துக்காக எவரும் புதிதாக வெட்டியது அல்லவென்பது சிறிது நேரத்திலேயே பிரத்தியட்சமாக விளங்கிற்று. காலை ஆளெடுப்பான பிரட்டுக்குப் போகவும், மலைக்கு ஏறவும், நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலைக்குச் சுமக்கவும், பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடவும் பரம்பரை பரம்பரையாக மிதிபட்டுத் தேய்ந்த வழி அது. அதற்கு ஒரு பெயரும் வரைபடமும் அமைந்தது அண்மைக்கால விருத்தாந்தம்.

அந்தக் காலடிச் சரித்திரம் ஹந்தானைத் தொழிற்சாலைக்கும் மிக முற்பட்டது. கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த ஜனங்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் கொண்டுபோனவர் போக எஞ்சியவர்களே மலையேறினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க அந்தத் தேயிலை நாட்டையே ஆட்கொண்டதையும் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. பீக்கோ ட்ரெயிலின் இரண்டாம் கட்டம் கலஹாவிலிருந்து அதே லூல்கந்துரைக்குத்தான் போகிறது. 1892இல் அங்கே மரித்த டெய்லரின் பூதவுடலைத் தொழிலாளர் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து, கால்நடையாகவே கண்டி வரை கொண்டுவந்து மகியாவை மயானத்தில் சேர்த்தார்கள். அவருடைய சமாதி இன்றும் யாத்திரிகர்களால் தேடிப் பார்க்கப்படுகிறது. சுமந்தவர்களின் சமாதிகளைத் தேட முற்படுபவர், தேயிலைச் செடிகளின் அடியில்தான் தேடவேண்டும்.

கலஹாவை நெருங்குமுன், நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தொழிலாளியான மூதாட்டி ஒருத்தி எங்களைக் கூப்பிட்டாள். "வெயில்ல எங்கங்க போறீங்க, வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். இஞ்சி தட்டிப் போட்ட சாயமும், சூடான ரொட்டியும், கட்டச் சம்பலும் வந்தன. நான் சட்டைப்பைக்குள் கையை விட்டதைக் கண்டதும், "என்னங்கய்யா இது, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசு வாங்குவாங்களா?" என்று கடிந்துகொண்டாள். "வெள்ளைக்காரங்க இவ்வளவு பேர் இந்த வழியா போறாங்களே அக்கா, இங்கேயே ஒரு சின்னக் கடை போட்டால் என்ன?" என்று என் மனைவி கேட்டதற்கு அவள் சொன்ன மறுமொழியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். "எடம் தோட்டத்துதுங்கம்மா. ஒரு தாவாரம் எறக்கணும்னாலும் ஆபீசுல கேக்கணும்."

இதே காலத்தில் இத்தாலி தேசத்தின் லிகூரியாக் கடற்கரையில், சிங்குவே தெர்ரே என்று பிரசித்தி பெற்ற ஐந்து கிராமங்களுக்கிடையே உலகெங்குமிருந்து வரும் தம்பதிகள் நடந்து திரிகிறார்கள். மோந்தெரோஸோ முதல் ரியோமாஜோரே வரை அங்கேயுள்ள வழிகளும் ஆதியில் குடியானவர்களின் குறுக்குகளே. செங்குத்தான மலையில் சாந்தில்லாமல் கல்லடுக்கித் தட்டுத்தட்டாகத் திராட்சை பயிரிட்ட ஜனங்கள் மிதித்த வழிகள். பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, கல்லணைகள் சரியத் தொடங்கின; 1997இல் யுனெஸ்கோ அந்தப் பிரதேசத்தை உலக மரபுரிமையில் சேர்த்தது; 1999இல் அது தேசியப் பூங்காவாயிற்று; கடலோரப் பாதையில் நடப்பவர்களிடம் பூங்கா நிர்வாகம் கட்டணம் வசூலிக்கிறது. காதலர் பாதை என்றே பெயர்பெற்ற ஒரு துண்டு 2012இல் பாறை சரிந்து மூடப்பட்டு, பெருஞ்செலவில் பலப்படுத்தப்பட்டு 2024இல்தான் மீண்டும் திறந்தது. அங்கேயும் எல்லாம் க்ஷேமமென்று நான் சொல்லவில்லை. கோடைக்காலக் கூட்டத்தில் தங்கள் வாசலுக்கே தாங்கள் போகமுடியவில்லையென்று ஊரார் முறையிடுகிறார்கள். ஆயினும் அவர்கள் முறையிடுவது தங்கள் சொந்த வாசலைப் பற்றி. யாத்திரிகனுக்கு ஓர் அறையை வாடகைக்கு விடுவதா, கதவைச் சாத்திக்கொள்வதா என்று தீர்மானிக்கும் சுதந்திரம் அந்தக் குடியானவனுக்கு இருக்கிறது.

ஹந்தானையிலோ கலஹாவிலோ அந்தச் சுதந்திரம் யாரிடம் இருக்கிறது? 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பகுதி கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயிற்று. கண்டிச் சுற்றுவட்டத்தில் பல இன்னமும் அரச ஸ்தாபனங்களின் கீழேயே இருக்கின்றன. கைகள் மாறினவேயன்றி, லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்து முதிர்ந்தவருக்குக் காணி உறுதி வரவில்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, அதன் எஞ்சிய சிக்கலில் பெரும்பகுதி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் தீர்ந்த ஜனசமூகம் இது. தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடுவதற்கே பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட வேண்டியிருந்தது என்பதைக் கேட்டால் இத்தாலியர் நம்பமாட்டார். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்றும், இந்தியாவின் உதவியில் முதலில் 4,000, பிறகு 10,000 வீடுகள் என்றும் திட்டங்கள் வந்துள்ளன, அவை நல்லவையே. எனினும் லயங்கள் இன்னும் நிறைந்தே கிடக்கின்றன.

இந்நிலையில் நடையுலாவினால் மலையகம் வளம்பெறும் என்று உத்தியோகத்தர்கள் பேசுவது எனக்குச் சற்று வேடிக்கையாகப் படுகிறது. துரைமாரின் பழைய பங்களாக்கள் விருந்தினர் விடுதிகளாயிருக்கின்றன. அங்கே ஓர் இரவு தங்கும் செலவு கொழுந்து பறிப்பவளின் பல நாட் சம்பளம். பணம் பாதையின் மேலே பங்களாவுக்கும், கீழே டவுனுக்கும் போய்ச் சேர்கிறது; இடைப்பட்ட லயத்தில், யாத்திரிகன் தாகத்தோடு நிற்கும் அதே இடத்தில், தேத்தண்ணி இனாமாகவே வழங்கப்படுகிறது. உபசாரம் என்னும் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. விற்பதற்கு உரிமையுள்ளவள் விற்காமல் கொடுப்பது தர்மம். உரிமையே இல்லாதவளுக்கு வேறு வழி எது?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமொன்றுமில்லை. பாதை கடந்து போகும் ஒவ்வொரு டிவிசனிலும், லயத்துக்கும் அதன் முன்னுள்ள முற்றத்துக்கும் உறுதி எழுதிக் கொடுப்பதை முதற் காரியமாக்கி, ஒரு தேத்தண்ணிக் கடைக்கோ, இரண்டு பேர் படுக்கத்தக்க ஓர் அறைக்கோ ஆபீசில் உத்தரவு கேட்கும் வழக்கத்தை ஒழித்துவிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் இடிந்து ஜனங்கள் மாண்டபின், யாரை எங்கே குடியமர்த்துவதென்ற கேள்வி எப்படியும் தலைதூக்கிவிட்டது. காணியை அளக்கும்போது இதையும் சேர்த்து அளந்துவிடலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லப்படும், சொல்லியும் கேட்டிருக்கிறேன்: பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொள்கின்ற லயங்களில், பீலிக்கரையில் வரிசையாக நின்று தண்ணீர் பிடிக்கின்ற இடங்களில், வெளிநாட்டு விருந்தினரை எப்படித் தங்கவைப்பது என்கிறார்கள். யோசனை நியாயமானதே. ஆனால் அந்தக் கழிப்பறைக்கு முன்னால் இத்தனை காலமும் நின்றுகொண்டிருப்பவர் விருந்தினர் அல்லர்.