இறந்தோர் நாவில் நம் சொல்லை ஏற்றலாமா?

 

2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடல் வெளிவந்தது. அதில் ஒலித்த குரல்களில் இரண்டு, பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோருடையவை. முன்னவர் 2022இல் காலமானவர். பின்னவர் 1990களிலேயே விபத்தில் மறைந்தவர். செயற்கை நுண்ணறிவால் அக்குரல்களை உருவாக்கிய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரின் அனுமதியும் பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அதே மாதம், 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றித் தம் மகனின் தலைமையைப் பாராட்டினார்.

அனுமதி பெற்றது நேர்மையே. ஆயினும் வாரிசுகள் சொத்துக்கு உரியவர்கள். இறந்தவரின் நாவுக்கும் உரியவர்களா? 1993இல் ‘திருடா திருடா’ படத்துக்குச் சாகுல் ஹமீது பாடியதன் பதிவு ஒரு சாட்சி. 2024இல் ஒலித்ததோ அவர் அறியாத வரிகள். பாட்டின் மார்க்கச் சட்டம் தனிப் பேச்சு. இங்கே கேள்வி சாட்சியத்தைப் பற்றியது.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. யார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வதிலேயே ஹதீஸ் கலை இமாம்கள் வாழ்நாளைச் செலவிட்டனர். கருத்து நல்லதாயினும், நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சேர்த்தால் அது இட்டுக்கட்டப்பட்டதே என ஒதுக்கினர். அந்த வாரிசுகளான நாம், சொல்லாத சொல்லை மய்யித்தின் வாயில் வைத்து மகிழலாமா?

இது திரையுலகோடு நிற்பதில்லை. ஒரு புகைப்படமும் சிறு குரல்பதிவும் போதும்; சிலமலை வீட்டிலும் மவுத்தான அத்தா கைபேசியில் கண்சிமிட்டிப் பெருநாள் சலாம் சொல்வார். அந்தச் சலாம் அவருடையதன்று.

மனிதச் சாயல் கூடக்கூட விருப்பம் வளர்ந்து, முழுச் சாயலை நெருங்கும் இடத்தில் திடீரென உள்ளம் கூசுகிறது என்று ஜப்பானிய அறிஞர் மசஹிரோ மோரி 1970இல் எழுதினார். அந்தக் கூச்சம் பிற்போக்கு அன்று. ரூஹ் இல்லாததை இனங்காணும் ஃபித்ரத். ரூஹ் இறைவனின் கட்டளையைச் சார்ந்தது. மென்பொருளுக்கு அதில் பங்கில்லை.

“ஆறுதல்தானே?” என்பார்கள். யாருக்கு? மனிதன் மரணித்தபின் அவனுக்குத் தொடர்பவை நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, ஸாலிஹான பிள்ளையின் துஆ என்னும் மூன்றே என்பது நபிமொழியின் கருத்து. அத்தா நம்மிடம் பேச வேண்டியதில்லை. அத்தாவுக்காக நாம் ரப்பிடம் பேச வேண்டும்.

அவர் உண்மையில் பேசிய பதிவுகளைப் பேணுங்கள். பேசாததை உருவாக்காதீர்கள், வந்தால் பகிராதீர்கள். வல்ல அல்லாஹ் நம் மர்ஹூம்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.