அயலார் அடுக்களை

கி.பி. 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலமொன்று வழிதப்பி இலங்கைக் கரையை அடைந்தது. அதிலிருந்து எம் புத்தளத்திலே இறங்கியவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா. ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்ததும், கரையிலே கறுவா மரங்கள் குவிந்து கிடக்க அவர் கண்டதும், இங்கிருந்தே பாவா ஆதம் மலைக்கு அவர் வழிகொண்டதும் இப்பகுதி வரலாறு படித்தோர் நன்கறிந்தவை. ஆயின், அவருடைய யாத்திரைக் குறிப்பிலே எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொரு செய்தியாகும். மாலைதீவு, இலங்கை, மலையாளக் கரை, சோழமண்டலம் ஆகிய இடங்களில் தாம் கழித்த மூன்றாண்டுக் காலமும் சோற்றையன்றி வேறு உணவு கிடைத்திலதென்றும், ஈற்றில் தண்ணீரின் துணையின்றி ஒரு கவளந்தானும் தொண்டையில் இறங்க மறுத்ததென்றும் அவர் மனம்விட்டு எழுதுகின்றார். கோதுமை ரொட்டியில் வளர்ந்த நா, பாவம், எத்தனை பாடுபட்டதோ!

இதனைப் படிக்கும் எம்மவர் நகைப்பர். சோறு தொண்டையில் இறங்காத ஒருவனை எம்மால் கற்பனை செய்தல் அரிது. ஆயினும், நகைப்பதற்கு எமக்கு உரிமையுண்டோ என்பதே வினா.

எழுபதுகளிலே தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, அங்கிருந்து புகைவண்டியிலே சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது, மொழியும் கோயிலும் ஒன்றாகிய நாட்டில் உணவு மாத்திரம் வேறாகவா இருக்குமென்று நாம் எண்ணியிருந்தோம். முதல் நாளே அவ்வெண்ணம் தகர்ந்தது. இலையில் விழுந்தது மல்லிகை போன்ற வெண்சோறு. எமக்கோ சிவப்பரிசிச் சோறே சோறு. தேங்காய்ப்பாற் சொதி இல்லை. வறுத்திடித்த கறித்தூளின் மணமும் இல்லை. சாம்பாரில் எழுந்த பெருங்காய நெடி எம்மை எழுந்தோடச் செய்யும்போலிருந்தது. இரசத்தை ஊற்றியவரிடம், “ஐயா, கைகழுவும் நீரா இது?” என்று எம்முடன் வந்த நண்பர் கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஐயுற்றார். பரிமாறியவரின் முகம் போன போக்கை இன்றும் எம்மால் மறக்க இயலவில்லை. ஒரு கிழமைக்குள் நாமெல்லோரும் வீட்டிற்குக் கடிதமெழுதித் தூளும் சம்பலும் கேட்டுவிட்டோம்.

எமக்கு அவ்வுணவைக் கற்பித்தவர், அதே பந்தியில் நாள்தோறும் எம் பக்கத்தில் அமர்ந்துண்ட தஞ்சாவூர்ப் பெரியவரொருவர். நாம் செய்த பிழை யாதென்பதை அவர் கண்டுகொண்டார். எம் நாட்டில் சோற்றை நடுவில் வைத்து, கறிகளையெல்லாம் சுற்றிவர இட்டு, அனைத்தையும் ஒருங்கே பிசைந்துண்பது வழக்கம். அங்ஙனமே சாம்பாரையும் இரசத்தையும் மோரையும் ஒரே சோற்றில் ஊற்றிக் குழப்பிவிட்டு, இதில் என்ன சுவையுண்டென்று நாம் முகஞ்சுளித்தோம். “தம்பி, ஒவ்வொன்றுக்கும் தனிச்சோறு. குழம்புக்குப் பின் இரசம், இரசத்துக்குப் பின் மோர். அவசரப்படாதே” என்றார் அவர். வரிசை தெரிந்ததும் சுவை தெரிந்தது. காரமும் புளிப்பும் கனமுமாகத் தொடங்கும் ஊண், படிப்படியாக இலேசாகி, ஈற்றில் மோரிலே குளிர்ந்து முடியும் ஒழுங்கு அவ்வுணவில் உண்டு. ஊர் திரும்பிய பின் பல மாதங்கள் வீட்டில் இரசம் கேட்டுத் தாயாரை நாம் தொல்லைப்படுத்தியது தனிக்கதை.

பின்னாளில் இப்னு பதூதாவின் நூலை மீண்டும் புரட்டியபோது ஒரு வியப்பு எமக்குக் காத்திருந்தது. இந்தியாவின் மேலைக்கரையிலே ஹொன்னாவரில் தமக்களித்த விருந்தை அவர் முறையாக வருணிக்கின்றார். சோறு வைத்து நெய் வார்ப்பர். மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள் உடன் வரும். கோழியும் மீனும் கீரையும் ஒவ்வொன்றாகத் தொடரும். ஒவ்வொன்றோடும் புதிதாகச் சோறிடுவர். எல்லாவற்றிற்கும் ஈற்றில் தயிர் வரும். தயிர் வந்தால் உணவு முடிந்ததென்பது கருத்தாம். எமக்குச் சிதம்பரத்துப் பெரியவர் சொல்லிய வரிசையை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறபு யாத்திரிகர் கண்டு குறித்துவைத்திருக்கின்றார். ரொட்டிக்கு ஏங்கிக்கொண்டேயும் அவர் கவனித்து உண்டார். நாம் கவனியாது உண்டோம். வேற்றுமை அவ்வளவே.

எமதென்று நாம் மார்தட்டும் உணவின் பிறப்பை ஆராய்ந்தாலும் செருக்கு அடங்கும். மிளகாயின்றி எமக்குக் கறியில்லை. ஆயின் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரின் கப்பல்கள் அதனை இக்கரைகளுக்குக் கொணருமுன் எம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாய் என்னும் பெயருக்குள்ளேயே பழைய மிளகு ஒளிந்துகிடத்தல் காண்க. கற்பிட்டி மணலிலே எம் விவசாயிகள் இன்று வியர்வை சிந்தி விளைவிக்கும் மிளகாயும் உருளைக்கிழங்கும், ஏழையின் பசிதீர்க்கும் மரவள்ளியும், பப்பாசியும், அன்னாசியும் யாவும் கடல்கடந்து வந்தேறியவையே. பாண் என்னும் சொல் போர்த்துக்கேயம். அதனைத் தின்னும் இடமாகிய குசினி என்பதும் போர்த்துக்கேயமே. எம்மை ஓடச்செய்த பெருங்காயந்தானும் தமிழ்நாட்டில் விளைவதன்று. ஈரான், ஆப்கானித்தான் மலைச்சாரல்களில் வளருஞ் செடியின் பால் அது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுத் தூய உணவு உண்பேனென்று ஒருவர் புறப்படுவாராயின், அவர் தேநீரும் இன்றி இருக்கவேண்டிவரும்.

சுவை பிறவியில் வருவதன்று, பயிற்சியில் வருவது என்பதற்கு மிளகாயிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. எந்தக் குழந்தையும் முதல் நாள் மிளகாயை விரும்பித் தின்றதில்லை. குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தோர், புதிய உணவொன்றைக் குழந்தை ஏற்பதற்கு 8 முதல் 15 தடவை வரை அதனைச் சுவைக்கக் கொடுக்கவேண்டியிருக்குமென்பர். நாமோ ஒரேயொரு தடவை நாநுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது மனிதர் உண்பதா?” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம்.

இவ்விடத்திலே ஓர் ஆட்சேபம் எழும். “எமக்கு விரதமுண்டு, சைவ ஒழுக்கமுண்டு, கண்டதையெல்லாம் உண்ணச் சொல்கின்றீரோ?” எனச் சிலர் வினவக்கூடும். அல்லவே அல்ல. புலால் மறுத்தல் எம் சமயத்தார் பலர் தெளிந்து மேற்கொண்ட நோன்பு; அதனை மதிக்காதவன் நண்பனல்லன். முஸ்லிம் அன்பர் பன்றியிறைச்சியை விலக்குவதும் அத்தகையதே. ஆனால், மறுப்பில் மூவகையுண்டு. நோன்பினால் மறுத்தல் ஒன்று. பழக்கமின்மையால் அருவருத்து மறுத்தல் மற்றொன்று. உணவையன்றி, அதனை அளிக்கும் கையை மறுத்தல் மூன்றாவது. இம்மூன்றாவதை நாம் எம் இனத்தாருக்கே செய்த காலமுண்டு. தேநீர்க் கடையிலே சிலருக்குத் தனிக்குவளை வைத்த வழக்கத்தை ஒழிக்க 1957ஆம் ஆண்டிலே சட்டமொன்று இயற்றவேண்டியிருந்ததை வெட்கத்தோடு நினைவுகூர்கின்றோம். அக்கொடுமைக்கும் “ஆசாரம்” என்றே பெயரிட்டிருந்தனர். எனவே, ஒருவர் வீட்டு உணவை வேண்டாமென்னும்போது, அது எவ்வகை மறுப்பென்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளுதல் எம்மவரின் கடமையாகின்றது.

எம் கரையின் நிலையையும் எண்ணிப் பார்க்க. உடப்பிலே திரௌபதையம்மன் தீமிதிப்பு, முன்னேசுவரத்திலே திருவிழா, தலவிலையிலே அன்னம்மாள் திருநாள், புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பள்ளிவாயில்கள் என நான்கு சமயத்தாரும் ஒருவரோடொருவர் தோளுரச வாழும் மாவட்டம் இது. ஆயினும், பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகின்றதென்பதை எம் மாணவர் எத்தனைபேர் அறிவர்? நாம் குழம்பென்பதை முஸ்லிம் அயலார் ஆணம் என்பர். அதைக் கேட்டுச் சிரிக்கும் எம் பிள்ளைகள் அகராதியைப் புரட்டினால் அது நற்றமிழ்ச் சொல்லென்பதைக் காண்பர். சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் வருவது. சிங்கள வீட்டுக் கிரிபத்தும் எம் பாற்சோறும் உடன்பிறந்தவை. கொக்கிசு என்னும் பலகாரமோ ஒல்லாந்தப் பெயர் சூடி நிற்பது. இவற்றைத் தட்டில் ஏந்திவரும் அயலவரை வாயிலில் வைத்தே நன்றி கூறி அனுப்பிவிட்டுத் தட்டை வேலைக்காரிக்குத் தள்ளிவிடும் வீடுகளை நாமறிவோம்.

இதனை இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. ஏறக்குறைய 75,000 பேர் வீடிழந்தனர். அவருட் பெரும்பாலோர் வந்தடைந்தது எம் புத்தள மாவட்டத்தையே. தமிழ் பேசி, தமிழ்ப் பாடசாலைகளிற் பயின்று, எம்மினத்தார் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அவர்கள். தமிழரின் பெயரால் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எந்தச் சமாதானத்தாலும் மூடிவிட இயலாது. ஓலைக் கொட்டில்களிலே அவர்கள் அடுப்பு மூட்டிய அந்நாட்களில் எம்மவருட் சிலர் அரிசியும் தேங்காயும் கொண்டுசென்று கொடுத்தனர். நன்று. ஆயின், அவர்கள் சமைத்ததை அவர்களோடு அமர்ந்து உண்டோர் எத்தனைபேர்? கொடுத்தல் எளிது, கொடுப்பவன் கை மேலே நிற்கும். ஏற்றுண்ணும்போதுதான் இருவர் கையும் ஒரு மட்டத்திற்கு வரும். அந்த அளவுக்கு நாம் இறங்கவில்லையென்பதே எம் கருத்து. தவறாயிருப்பின் திருத்துவோருக்கு நன்றி பாராட்டுவோம்.

விருந்தளிப்போருக்கும் ஒரு சொல். விருந்தினன் அருவருப்பை வெல்லவேண்டுமாயின், விருந்தளிப்போன் அவனுடைய நோன்பைக் காக்கவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த சைவ அடியாரொருவருக்கு எம் நண்பர் வீட்டிலே தேங்காய்ச் சம்பல் பரிமாறினார்கள். அவர் சுவைத்து, மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டார். அதில் மாசிக்கருவாடு இடித்துச் சேர்த்திருந்ததைப் பின்னரே யாரோ தற்செயலாகச் சொல்ல, அவர் இரண்டு நாள் பட்டினி கிடந்தார். எம் நாட்டிலே மாசி, கருவேப்பிலைபோல் எங்கும் நுழைவது, இட்டவருக்கே நினைவிராது. வட்டிலப்பத்தில் முட்டையுண்டு. நோன்புக் கஞ்சியில் இறைச்சி சேர்வதும் உண்டு, சேராததும் உண்டு. கேட்டறிதல் விருந்தினன் கடன். கேட்குமுன் சொல்லுதல் வீட்டாரின் கடன்.

தலைமன்னார்க் கப்பல் எண்பதுகளில் நின்றுபோயிற்று. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின் இளைஞர் மீண்டும் கடல்வழியே அக்கரை செல்கின்றனர். போகுமுன் இரசத்தைப் பற்றி அவர்களிடம் யாரேனும் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தல் நலம்.

இவ்விழாவையொட்டி நடைபெறும் மதிய விருந்தைக் குறித்து விழாக்குழுவினருக்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. விருந்து சைவமாகவே இருக்கட்டும்; கல்லூரியின் மரபு அது. ஆயின், சமையற் பொறுப்பை ஒரே சமையற்காரரிடம் ஒப்படையாது, கல்லூரியைச் சூழ வாழும் முஸ்லிம், சிங்கள, கத்தோலிக்கக் குடும்பங்களிடமும் ஆளுக்கொரு மரக்கறிப் பண்டம் சமைத்துத் தரும்படி கேட்கலாம். அவர்களும் எம்மோடு பந்தியில் அமரட்டும். பண்டத்தின் பெயரையும் அதிற் சேர்ந்தவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பதை மேல்வகுப்பு மாணவர் ஏற்கலாம். சம்பலுக்கு மாத்திரம் வேறொரு கரண்டி தேவையில்லை. அன்று மாசி இடவேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிடுவோம்.